ஒரு கம்பெனி, மூன்று கணக்கு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

கஜகஸ்தானின் அல்மாட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரே ஆண்டுக்கு மூன்று கணக்கு தயாராகிறது. வரி அலுவலகத்துக்கு ஒன்று, வெளிநாட்டுப் பங்குதாரருக்கு ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைப்படி ஒன்று, முதலாளி மட்டும் பார்க்கும் எக்செல் கோப்பு ஒன்று. சோவியத் யூனியன் உடைந்த பிறகு இந்த நாடுகளில் கணக்கியலைச் சீர்திருத்தவும் தொழில்முனைவோர் சங்கங்களை வளர்க்கவும் வெளிநாடுகள் ஏராளமாகச் செலவழித்தன என்று படித்தேன். முப்பது வருடம் கழித்தும் இதுதான் நிலைமை என்றால் அத்தனையும் வீண்தானே? என் மேலதிகாரி அம்மா பழைய காலத்து ஆள். ‘தரநிலைகள் வரும், போகும், வரி இன்ஸ்பெக்டர் இருப்பார்’ என்பார். இங்குள்ள கணக்காளர் சங்கத்தில் சேர்ந்து பரீட்சை எழுதச் சொல்கிறார்கள் நண்பர்கள். சேரலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மேலதிகாரி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அத்தனையும் வீண் என்று நீங்கள் முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை.

சோவியத் தொழிற்சாலையில் யார் படிப்பதற்காகக் கணக்கு எழுதினார்கள் என்று பாருங்கள். பங்குதாரர் கிடையாது. கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்று யோசிக்கும் வங்கியும் கிடையாது. அமைச்சகம் திட்டம் போட்டது. இரும்பும் துணியும் கூலியும் திட்டப்படி செலவானதா என்று பார்க்கக் கணக்கு வேண்டியிருந்தது. நாடு முழுக்க ஒரே கணக்குப் பட்டியல், ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண். தாலினில் இருந்து விளாடிவோஸ்டாக் வரை 50 என்றால் கையிருப்பு ரொக்கம், 51 என்றால் வங்கிக் கணக்கு, 60 என்றால் சரக்கு கொடுத்தவர்கள். தலைமைக் கணக்காளரின் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபிள்கூட நகராது. ‘கிளாவ்புக்’ என்று இன்றும் மரியாதையோடும் கொஞ்சம் பயத்தோடும் அவரைச் சொல்கிறார்கள். சம்பளம் தொழிற்சாலையில் வாங்கினாலும் அரசாங்கத்தின் ஆளாகத்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

யார் எதை எடுத்தார் என்று பிடிக்க அந்த முறை நன்றாகவே உதவியது. இந்தத் தொழிற்சாலை பிழைக்குமா என்று கேட்டால் மட்டும் அதனிடம் பதில் இல்லை. யாரும் வாங்காத சரக்கு, செய்த செலவின் மதிப்பிலேயே ஏட்டில் கிடக்கும். வராத கடனும் வரவேண்டிய கடனாகவே நிற்கும். தேய்மானம் அரசு விதித்த விகிதப்படி. ஆலையின் மழலையர் பள்ளியும் குடியிருப்பும்கூட அதே ஐந்தொகையில்தான்.

1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. அந்த ஒரு வருடத்தில் விலைவாசி 25 மடங்குக்கு மேல் ஏறியது. உக்ரைனில் 1993-ல் 100 மடங்குக்கு மேல். இது ஏட்டில் என்ன செய்யும்? ஓர் ஆடை ஆலை ஜனவரியில் 1,000 ரூபிளுக்குத் துணி வாங்கி, தைத்து, அக்டோபரில் 8,000-க்கு விற்கிறது என்று வையுங்கள். வாங்கிய விலைதான் கணக்கு என்பதால் கொழுத்த லாபம் தெரியும். அதற்கு வரி. வரி போக மிஞ்சியதை எடுத்துக்கொண்டு துணி வாங்கப் போனால், அதே துணி 10,000 ஆகியிருக்கும். ஏட்டில் லாபம் காட்டிக்கொண்டே ஆலை தேய்ந்துபோகும். மூலதனத்தையே லாபம் என்று நினைத்து வரி கட்டிய ஆலைகள் அந்த வருடங்களில் எத்தனையோ.

இன்னொரு விஷயம் இதைவிடக் கொடுமை. வரி பாக்கி இருந்தால், நீதிமன்றத்துக்குப் போகாமலே நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் இருந்து பணத்தை எடுத்துக்கொள்ள வரித் துறைக்கு அதிகாரம் இருந்தது. பாக்கிச் சீட்டுகள் வங்கியில் வரிசையாகக் காத்திருக்கும். ‘கர்த்தோத்தேக்கா’ என்று அதற்குப் பெயர். வாடிக்கையாளர் பணம் போட்ட மறுநிமிடம் அது போய்விடும். அப்புறம் யார் வங்கிக்குப் பணத்தை வரவிடுவார்கள்? டயருக்குப் பதில் சிமெண்ட், சிமெண்டுக்குப் பதில் மின்கட்டணம் என்று பண்டமாற்று பெருகியது. 1998 வாக்கில் ரஷ்யத் தொழில்துறை விற்பனையில் ஏறத்தாழ பாதி இப்படித்தான் நடந்தது. ஒழுங்காகக் கணக்கு எழுதியவனுக்கே தண்டனை என்று இருந்த ஊரில் இரண்டாவது கணக்கு முளைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இந்த நேரத்தில்தான் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்டும் ஐரோப்பாவின் டாசிஸ் திட்டமும் மற்றவர்களும் வந்தார்கள். உங்கள் கஜகஸ்தான் இதில் வெகு வேகமாக ஓடிய நாடு. 1995 டிசம்பரில் கணக்கியல் பற்றிய ஆணை, 1997 முதல் புதிய கணக்குப் பட்டியல். வாழ்நாளெல்லாம் வங்கிக் கணக்குக்கு 51 என்று எழுதிய கை 441 என்று எழுதத் தொடங்கியது. 2007-ல் இன்னொரு சட்டம், இன்னொரு பட்டியல். அதே வங்கிக் கணக்கு 1030 ஆனது. உங்கள் மேலதிகாரி இந்த மூன்று எண்களையும் கடந்து வந்திருப்பார். ‘வரும், போகும்’ என்று அவர் சொல்வதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் என் குறை ஒன்றுதான். எண்ணை மாற்றினார்கள், ஏட்டைப் புரட்டுகிறவரை மாற்ற அதே அக்கறை காட்டவில்லை. சில வாரப் பயிற்சியில் வாராக்கடன் ஒதுக்கீடு பற்றி, அதாவது திரும்பி வராது என்று தோன்றும் கடனை முன்கூட்டியே செலவாக எழுதுவது பற்றிச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்த ஒதுக்கீட்டைச் செலவாக ஏற்காத வரி அதிகாரியிடம் கணக்காளரை அனுப்பினால் அவர் என்ன செய்வார்? பழையபடி அதிகாரிக்கு வேண்டியதையே எழுதுவார். வரிக் கணக்கு வேறு, நிதிக் கணக்கு வேறு என்று ரஷ்யா சட்டத்தில் தெளிவாகப் பிரித்தது 2002-ல்தான். ஆகவே உங்கள் அலுவலகத்தின் முதல் இரண்டு கணக்கைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டாம். நேர்மையான நாடுகளிலும் அவை இரண்டும் தனித்தனிதான். நம்மூர் ஆடிட்டர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

புதிய தரநிலை நிஜமாகவே வேர்பிடித்த இடம் வங்கிகள். 2000-களில் கஜக் வங்கிகள் வெளிநாட்டில் பெருங்கடன் வாங்கின. கடன் கொடுத்தவர்கள் ஐஎஃப்ஆர்எஸ் அறிக்கை கேட்டார்கள். படிக்க ஆள் வந்ததும் எழுதும் விதமும் மாறியது. அதுவும் முழு மருந்து இல்லை. ஆண்டுதோறும் அப்படி அறிக்கை வெளியிட்ட பிடிஏ வங்கியை 2009 பிப்ரவரியில் அரசு கையில் எடுக்க வேண்டிவந்தது. கடன் யாருக்குப் போகிறது என்று உள்ளே இருந்து கேட்க ஆள் இல்லாவிட்டால் எந்தத் தரநிலையும் காப்பாற்றாது.

சரி, சங்கங்களுக்கு வருகிறேன். தொழில்முனைவோர் சங்கங்கள் பெரும்பாலும் ஏமாற்றம்தான் தந்தன என்பது என் கருத்து. நன்கொடையில் பிறந்த சங்கம் நன்கொடை தருபவருக்கு அறிக்கை எழுதப் பழகியது, உறுப்பினரிடம் சந்தா கேட்கப் பழகவில்லை. திட்டம் முடிந்ததும் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது. கஜகஸ்தான் எதிர்த் திசையில் போய், 2013-ல் சட்டம் போட்டு, ‘அத்தமெக்கேன்’ தேசியத் தொழில்முனைவோர் சபையில் எல்லோரும் உறுப்பினர் என்று ஆக்கியது. விலகிப் போக முடியாத உறுப்பினரிடம் எந்தச் சங்கத்துக்குப் பயம் இருக்கும்? சிறு வியாபாரிக்கு வேண்டியது, சோதனைக்கு வருகிற அதிகாரியிடம் ‘எந்த உத்தரவின்படி வந்தீர்கள்?’ என்று கேட்கும் துணிவு. அதற்குச் சட்டம் வேண்டும். ரஷ்யாவில் 2001-லும் கிர்கிஸ்தானில் 2007-லும் சோதனை நடைமுறைக்கு வரம்பு கட்டிச் சட்டங்கள் வந்தன. அவை காகிதத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரு சங்கம் செய்யக்கூடிய பெரிய வேலை.

கணக்காளர் சங்கங்களின் கதை வேறு. உக்ரைன், ஜார்ஜியா, மால்டோவா போன்ற இடங்களில் 1990-களின் நடுவில் தொழில்முறைச் சங்கங்கள் எழுந்தன. அப்புறம் 2000-களின் தொடக்கத்தில் ரஷ்ய மொழியிலேயே பரீட்சை எழுதிப் பெறக்கூடிய ‘சிபா’ என்ற கணக்காளர் சான்றிதழ் வந்தது. அந்தச் சீர்திருத்தம் முழுவதிலும் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். மத்திய ஆசியாவின் சிறு நகரத்தில் இருபது வருடம் ஏடு எழுதிய பெண்ணிடம் போய், இங்கிலீஷில் பரீட்சை எழுது என்றால் நடக்குமா? அவருடைய மொழியில் கேள்வி வந்தது. பாடம் நடத்துபவரும் தேர்வு நடத்துபவரும் வேறு வேறு. மதிப்பெண் விலைக்குக் கிடைக்கும் என்று பல்கலைக்கழகங்களுக்கே அவப்பெயர் இருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வேலை கொடுப்பவர்கள் அந்தச் சான்றிதழை நம்பினார்கள். அதனால் கணக்காளர்கள் சொந்தக் காசைக் கட்டி எழுதினார்கள்.

மிச்சம் இருப்பது உங்கள் முதலாளியின் எக்செல். விலை நிர்ணயத்துக்கும் வாராந்தரப் பணப்புழக்கத்துக்கும் வைத்திருக்கிறார் என்றால் அது நிர்வாகக் கணக்கு. நல்லது, அவரிடம் கேட்டு நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். உறையில் வைத்துக் கொடுக்கும் சம்பளம் அதில் மட்டும்தான் இருக்கிறது என்றால் சேதி வேறு. கஜகஸ்தானில் 1998 முதல் ஓய்வூதியம் ஒவ்வொருவரின் தனிக் கணக்கில் சேர்கிறது, சம்பளத்தில் 10 சதவீதம். ஏட்டில் வராத சம்பளத்துக்கு அங்கே ஒன்றும் சேராது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவரின் முதுமையில் இருந்து எடுத்த பணம் அது. அந்தக் கோப்பில் நீங்கள் கை வைக்காதீர்கள், அதை மறைக்கும் அறிக்கை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சங்கத்தில் சேருங்கள். சேருமுன் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: வரவில் எவ்வளவு உறுப்பினர் சந்தாவில் இருந்து வருகிறது, நெறிமுறை மீறியதற்காக இதுவரை யாரையாவது நீக்கியிருக்கிறார்களா. பரீட்சையை முதல் கட்டத்தில் இருந்தே எழுதுங்கள். நிதிக் கணக்கியலும் நிர்வாகக் கணக்கியலும் உங்களுக்குச் சுலபமாக இருக்கும். வரியும் சட்டமும் உள்ளூர்ச் சட்டப்படி என்பதால் அந்தத் தாளுக்கு உங்கள் மேலதிகாரி அம்மாவிடமே பாடம் கேளுங்கள்.

அன்புடன்.