பரீட்சையில் பார்த்து எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?

"ஒரு பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? இதில் வருங்காலத் தலைமுறை எங்கே வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் இன்னும் பள்ளியில் படிக்கிறவர் போலத் தெரிகிறது. யாரோ ஒரு ஆசிரியர் வகுப்பு முழுக்க நிற்க வைத்துத் திட்டியிருப்பார், நாட்டின் எதிர்காலம் என்றெல்லாம் பேசியிருப்பார், உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும். நான் ஆசிரியர் இல்லை. பள்ளியில் காப்பி அடித்து, கடைசிவரை மாட்டிக்கொள்ளாமல் வெளியே வந்தவன். அதனால்தான் உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு, கணக்குப் பரீட்சை. எனக்கு முன் பெஞ்சில் வகுப்பிலேயே நன்றாகக் கணக்குப் போடுகிற நண்பன். முதல் நாளே பேசி வைத்திருந்தோம். எழுதி முடித்த தாளை பெஞ்சின் வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அவன் உடம்பை இடது பக்கம் சாய்த்துக்கொள்வான். எனக்கு முழுப் பக்கமும் தெரியும். கண்காணிக்க வந்தவர் அந்தக் கோடிக்குப் போகும்போதெல்லாம் நான் இரண்டு வரி, மூன்று வரி எழுதிக்கொள்வேன். ஓரிடத்தில் அவன் ஒரு வரியைத் தப்பாக எழுதி அடித்திருந்தான். நானும் அதே வரியை எழுதி அடித்தேன், சொந்தமாகப் போட்ட மாதிரி இருக்கட்டும் என்று.

அதில் ஒரு கணக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. 5(எக்ஸ் − 2) = 3 எக்ஸ் + 8. எக்ஸின் மதிப்பு என்ன? அவன் அடுத்த வரியில் 5 எக்ஸ் − 10 என்று எழுதியிருந்தான். அந்தப் 10 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. கையைப் பார்த்துக் கை எழுதியது.

91 வாங்கினேன். அதற்கு முன் நான் கணக்கில் 50-ஐத் தாண்டியதே கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு மதிப்பெண்ணை வைத்து இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். நான் முதல் பிரிவு. அதில் 40 பேருக்குத்தான் இடம். 41-வது ஆளாக நின்றுபோன ஒருவனும் இருந்தான். தானாகப் படித்து 74 வாங்கியவன், எங்கள் தெருப் பையன் வேறு. அவன் இரண்டாம் பிரிவுக்குப் போனான். அந்தப் பிரிவுக்கு அந்த ஆண்டு பாதிவரை கணக்கு ஆசிரியரே வரவில்லை. யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்களே, நான் முதலில் சொல்ல வேண்டியது அவன் பெயரைத்தான். அவனுக்கு இது தெரியாது என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

புது வகுப்பில் இரண்டாவது வாரமே டீச்சர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். அதே மாதிரி ஒரு கணக்கு, அடைப்புக்குறிக்கு வெளியே ஓர் எண். நான் வெளியே இருந்த எண்ணால் முதல் உறுப்பை மட்டும் பெருக்கினேன், இரண்டாவதை அப்படியே இறக்கி எழுதினேன். டீச்சர் சிரித்தார். "என்னடா அவசரம்? தொண்ணூத்தொண்ணு வாங்கினவன் பண்ற தப்பா இது?" என்று சொல்லிவிட்டு, அவரே சாக்பீஸை வாங்கித் திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. 91 வாங்கிய பையன் அடைப்புக்குறியைப் பிரிக்கத் தெரியாமல் இருப்பான் என்று எந்த ஆசிரியருக்குத் தோன்றும்? 45 வாங்கிய பையனாக நான் அங்கே நின்றிருந்தால், "இங்கே வா, வெளியே இருக்கிற எண் உள்ளே இருக்கிற எல்லாத்தோடவும் பெருக்கணும்" என்று ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் என் மதிப்பெண்.

நானாவது எழுந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்க முடியாது. இதைக் காப்பி அடிக்காதவர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். 45 வாங்கியவன் தாராளமாகச் சந்தேகம் கேட்கலாம். 91 வாங்கியவன் அதே சந்தேகத்தைக் கேட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். முன் பெஞ்சு நண்பனும் பார்ப்பான், அவன் பார்வைதான் எனக்கு அதிகப் பயம். அதனால் தலையை ஆட்டினேன். புரிந்தது என்று ஆட்டினேன். அடுத்த பாடம் இதன் மேல் நின்றது, அதற்கடுத்தது அதன் மேல். இரண்டு வருஷம் தலையாட்டியே ஓட்டினேன். அப்புறம் கணக்கு இல்லாத படிப்பாகத் தேடிப் பிடித்துப் போய்விட்டேன். யாராவது கேட்டால், "எனக்கு மொழியில்தான் ஆர்வம்" என்று சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை, ஆனால் நான் தேர்ந்தெடுத்ததும் இல்லை.

பரீட்சை என்பது மதிப்பெண் போடுவதற்கான சடங்கு என்று நானும் நினைத்திருந்தேன். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிகி என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்து, ஒரு சாராரை மறுபடி படிக்கச் சொன்னார்கள், இன்னொரு சாராரைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. அதாவது பரீட்சை எழுதும்போது மூளையைக் கசக்கி ஒன்றை வெளியே இழுக்கிறோமே, அந்தக் கசக்கலே படிப்புதான். நான் அந்த இரண்டரை மணி நேரமும் நண்பனின் முதுகைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

என் ஒருவன் கதையை வைத்துப் பெரிதாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். சரி, என்னை விடுங்கள். சிகாகோ பள்ளிகளின் தேர்வு முடிவுகளை பிரையன் ஜேக்கப், ஸ்டீவன் லெவிட் என்ற பொருளியல் அறிஞர்கள் அலசி 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே தில்லுமுல்லு செய்தவர்கள் பிள்ளைகள் இல்லை, சில ஆசிரியர்களும் நிர்வாகிகளும். வருஷத்துக்குக் குறைந்தது 4 முதல் 5 சதவீத ஆரம்பப் பள்ளி வகுப்புகளில் இது நடந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? அந்த வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் ஒரு வருஷம் எகிறும், அடுத்த வருஷமே இறங்கிவிடும். ஒரே வகுப்பில் பல தாள்களில் ஒரே விடைகள் வரிசையாக ஒத்துப்போகும். அந்த இறங்கிய வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் எப்படி இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், கரும்பலகை முன்னால் நின்ற என்னை மாதிரித்தான் இருந்திருப்பார்கள். அதே அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2009 தேர்வுத் தாள்களில் தவறான விடைகளை அழித்துச் சரியாக்கிய வழக்கில் 2015-இல் 11 கல்விப் பணியாளர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்களுக்குத் தண்டனை கிடைத்தது நியாயம். ஆனால் தாளில் மதிப்பெண் நன்றாக இருந்ததால், "இவனுக்குக் கூடுதல் வகுப்பு தேவையில்லை" என்று விடப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

"பரீட்சை முறையே மனப்பாட முறை, அதில் ஏமாற்றினால் என்ன தப்பு?" என்று சிலர் கேட்பார்கள். முறையில் கோளாறு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மனப்பாடம் செய்து கக்குகிற கேள்வித்தாள்கள் எனக்கும் பிடிக்காது. ஆனால் காப்பி அடித்தால் அந்த முறை திருந்துமா? கேள்வித்தாள் எடுப்பவருக்கு எல்லோரும் நன்றாக எழுதியதாகத்தான் தெரியும், அடுத்த வருஷமும் அதையே எடுப்பார். ஏழைப் பிள்ளை, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவன், வீட்டில் அடி வாங்குகிறவன் காப்பி அடித்தால் அவனைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. அவனுக்குத்தான் இந்த நஷ்டம் அதிகம், பின்னால் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள அவனுக்கு வழி இருக்காது.

        

சரி, இனி என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வருங்காலத் தலைமுறை என் வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிறது.

போன மாதம் ஒரு ராத்திரி வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவந்தாள். "அப்பா, இது சரியான்னு பாருங்க." 3(எக்ஸ் − 4) = 2 எக்ஸ் + 5. அடுத்த வரி, 3 எக்ஸ் − 4 = 2 எக்ஸ் + 5. விடை 9. முழு எண்ணாக, அழகாக வந்திருந்தது. நான் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன், உண்மையாகவே கவனமாகத்தான் பார்த்தேன். "சரியாத்தான்மா இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மாலை நோட்டு திரும்பி வந்தது. 3 எக்ஸ் − 4 என்பதைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவளே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இல்லப்பா, நான் எழுந்து டீச்சர்கிட்ட கேட்டேன். இந்த 3 ரெண்டு பேர்கிட்டயும் போகணுமாம்" என்று 3-இலிருந்து எக்ஸுக்கு ஓர் அம்பு, 4-க்கு ஓர் அம்பு போட்டாள். 3 எக்ஸ் − 12. விடை 17. "சரியான்னு தெரியணும்னா வச்சுப் பாருங்க. 9 வச்சா இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 23. 17 வச்சா ரெண்டு பக்கமும் 39."

முன் பெஞ்சில் அன்றைக்குத் தெரிந்த அந்தப் 10 எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க படிக்கும்போது இது இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். எவ்வளவு மார்க் என்று கேட்டாள். 91 என்றேன். நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி தயங்கினேன். அப்புறம் பெஞ்சு, சாய்ந்துகொண்ட நண்பன், அடித்த வரி, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "அந்தக் கணக்கு ஞாபகம் இருந்தா எழுதுங்க, போடலாம்" என்றாள்.