பஸ் வராததற்கு மேயரைத் திட்டலாமா?

‘பொதுப் போக்குவரத்தில் சென்னை மேயருக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?’ என்று போன இதழில் கேட்டிருந்தோம். மார்க்கைவிடக் கேள்விகளே அதிகம் வந்தன. நகரப் போக்குவரத்துத் துறையில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

எங்கள் ஸ்டாப்பில் சாயங்காலம் முக்கால் மணி நேரம் நின்றாலும் பஸ் வருவதில்லை. மேயருக்கு முட்டை மார்க் போட்டு அனுப்பிவிட்டேன். சரிதானே?
- வாசகர், வில்லிவாக்கம்

கோபம் நியாயம், விலாசம்தான் தப்பு. சென்னையில் பஸ் ஓட்டுவது மாநகர் போக்குவரத்துக் கழகம். பெயரில் ‘மாநகர்’ இருந்தாலும் அது மாநகராட்சியின் நிறுவனம் அல்ல, மாநில அரசின் நிறுவனம். 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி, 1994-ல் இரண்டாகப் பிரிந்து, 2001-ல் மறுபடி ஒன்றானது. எந்தத் தடத்தில் எத்தனை பஸ், கட்டணம் எவ்வளவு, டிரைவர் கண்டக்டர் நியமனம் என எல்லாம் அங்கேயும் போக்குவரத்துத் துறையிலும்தான் முடிவாகின்றன. மெட்ரோ, மத்திய மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் நிறுவனம். மின்சார ரயில், தெற்கு ரயில்வே. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையிலிருந்து ஒரு பஸ்ஸைக்கூட வில்லிவாக்கத்துக்குத் திருப்பிவிட முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக்குள்ளேயே நிர்வாக அதிகாரம் பெரும்பாலும் ஆணையரிடம் இருக்கிறது. மேயர் மாமன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். திட்டங்களும் பட்ஜெட்டும் அங்கே தீர்மானமாகின்றன. 2022 மார்ச்சில் ஆர். பிரியா மேயரானதுகூட மக்கள் நேரடியாகப் போட்ட ஓட்டில் அல்ல, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்து.

மகளிர் இலவசப் பயணத்துக்காக மேயருக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தேன்.
- வாசகி, கொடுங்கையூர்

அது 2021 மே மாதம் மாநில அரசு கொண்டுவந்தது. அப்போது சென்னைக்கு மேயரே கிடையாது. 2016-ல் மாமன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2022 வரை அதிகாரிகள் ஆட்சிதான். பத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மேயருக்கு எதை வைத்துத்தான் மார்க் போடுவது? எதற்குமே பொறுப்பில்லை என்கிறீர்களே!
- வாசகர், அயனாவரம்

அப்படிச் சொல்லவில்லை. வீட்டு வாசலிலிருந்து பஸ் படிக்கட்டு வரைக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய முழுக்க மாநகராட்சியுடையது. நடைபாதை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், நிழற்குடை, அதன் முன்னால் இருக்கும் தார், அங்கே நிற்கும் வண்டி. பஸ் பயணம் கசந்துபோவதில் பாதி இங்கேதான். ஆனால் மார்க் போடும்போது யாரும் இதை நினைப்பதில்லை.

உங்கள் ஸ்டாப்புக்கு ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் பஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நடைபாதையை ஒட்டி நின்றால் நல்லது. பெரும்பாலும் ஒரு வண்டி அகலம் தள்ளி, நடுரோட்டில் நிற்கும். டிரைவரைத் திட்டிப் பயனில்லை. ஓரத்தில் ஷேர் ஆட்டோவும் பைக்கும் நிற்கும். அவை இல்லாவிட்டால் மழைநீர் வடிகாலின் மூடி சாலை மட்டத்தைவிடத் தாழ்ந்து குழியாக இருக்கும். சக்கரம் அதில் இறங்கினால் உள்ளே நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள் என்று டிரைவருக்குத் தெரியும். பன்னிரண்டு மீட்டர் நீள பஸ் சாய்வாக உள்ளே வந்து நேராகி நிற்க, தன் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓரம் காலியாக வேண்டும். அந்த இடத்தைக் காலியாக வைப்பதும், மூடியைச் சாலை மட்டத்துக்கு உயர்த்துவதும் மாநகராட்சி வேலை (வண்டிகளை அகற்ற போக்குவரத்து போலீஸும் வேண்டும்).

இதை அலட்சியமாக நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டிலிருந்து சென்னையில் புதிய தாழ்தள பஸ்கள் ஓடுகின்றன. தளம் தரையிலிருந்து சுமார் 400 மி.மீ. உயரம், ஸ்டாப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் இறங்கும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் உண்டு. நடைபாதை 150 மி.மீ. உயரத்தில் ஒழுங்காக இருந்து, பஸ் அதை ஒட்டி நின்றால் ஏற வேண்டியது ஒரு சின்னப் படிதான். நடுரோட்டில் நின்றால் முதலில் நடைபாதையிலிருந்து இறங்க வேண்டும். பிறகு ஏற வேண்டும். சாய்தளம் தரையில் செங்குத்தாகச் சரியும், நாற்காலி ஏறாது. மாநில அரசு கோடிக்கணக்கில் வாங்கிய பஸ்ஸின் பலன் ஓரத்திலுள்ள ஒரு வடிகால் மூடியில் போய்விடுகிறது.

அடுத்தது நடைபாதையின் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ஒவ்வொரு முறையும் சாலை சுமார் 4 செ.மீ. ஏறும். நாலு முறை போட்டால் 16 செ.மீ. ஆகி, நடைபாதை சாலைக்குள் மறைந்துவிடும். உடனே நடைபாதையை உயர்த்துவார்கள். பக்கத்து வீடும் கடையும் பள்ளமாகி, மழைத் தண்ணீர் உள்ளே போகும். அதனால்தான் மில்லிங் செய்து, பழைய தாரை அகற்றிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்துமூலம் சொன்னார். உங்கள் தெருவில் அது நடந்ததா என்று எளிதில் கண்டுபிடிக்கலாம். மில்லிங் முடிந்த சாலையில் சீப்பு இழுத்தது போல வரி வரியாகத் தெரியும். மேன்ஹோல் மூடிகள் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தார் போட்ட பிறகு எவனும் நிரூபிக்க முடியாது.

பிறகு நிழற்குடை. பஸ் வருகிற பக்கத் தடுப்பை முழுக்க விளம்பரப் பலகையால் அடைத்திருக்கிறார்களா? அடைத்திருந்தால் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு பஸ் நம்பர் தெரியாது. எல்லோரும் எழுந்து ரோட்டில் இறங்கி நிற்பார்கள். அவர்களைப் பார்த்து பஸ் இன்னும் தள்ளி நிற்கும். விளம்பரம் பின்சுவரிலும் போகிற பக்கத்திலும் இருக்கலாம், வருகிற பக்கம் திறந்திருக்க வேண்டும். நிழற்குடைக்குப் பின்னாலோ முன்னாலோ நடந்து போகிறவர்களுக்கு 1.8 மீட்டர் விட்டிருக்கிறார்களா என்று டேப் வைத்துப் பாருங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த குறைந்தபட்ச அளவு அது. விளம்பர வருமானத்தை நம்பி நிழற்குடை கட்டக் கொடுக்கும்போது இன்னொரு சிக்கலும் வரும். ஒப்பந்தக்காரர் கண் விளம்பரம் விலைபோகும் சாலைமேல்தான் இருக்கும். வியாசர்பாடி உள்சாலை ஸ்டாப்பில் தகரம்கூட இருக்காது. ஒப்பந்தத்திலேயே ‘இத்தனை லாபச் சாலைக்கு இத்தனை உள்சாலை’ என்று கட்டாயம் வைக்க மாமன்றத்தால் முடியும். மேயரின் மார்க்குக்கு இதுதான் சரியான பரீட்சைத்தாள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கடைசியாக இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போங்கள். விளம்பரப் பலகை பளீரென்று எரிய, நிற்கிறவர் முகம் இருட்டில் இருந்தால் விளக்கு தப்பான இடத்தில் இருக்கிறது.

2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்ற மாநகராட்சி இது. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்தை அதற்கு ஒதுக்க வேண்டும் என்றது அந்தக் கொள்கை. பட்ஜெட் வரும்போதெல்லாம் கவுன்சிலர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பறக்கும் ரயில் ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் ஓடுவதில்லை. மேயரிடம் சொல்லலாமா?
- வாசகி, மயிலாப்பூர்

ஸ்டேஷனுக்குள் என்றால் ரயில் நிர்வாகம். வாசலைத் தாண்டிய இருட்டும் குப்பையும் என்றால் மாநகராட்சி.

எந்தச் சாலை மாநகராட்சியுடையது என்று தெரிந்துகொள்வது எப்படி? புகார் கொடுத்தால் ‘எங்களுடையது இல்லை’ என்று முடித்துவிடுகிறார்கள்.
- வாசகர், கோடம்பாக்கம்

மாநகராட்சியிடம் பேருந்து தடச் சாலைகள் என்று சுமார் 387 கி.மீ. இருக்கிறது, மொத்தம் 471 சாலைகள். அவற்றுக்குத் தனித்துறை. மற்ற உட்புறச் சாலைகள் 5,000 கி.மீ.க்கு மேல்; அவற்றை மண்டல அலுவலகங்கள் பார்க்கின்றன. அண்ணா சாலை, நூறடிச் சாலை போன்றவை நெடுஞ்சாலைத் துறையின் கையில். தெருப் பெயர்ப்பலகையை வைத்து முடிவுகட்டாதீர்கள், நெடுஞ்சாலைத் துறைச் சாலையிலும் மாநகராட்சிப் பலகைதான் இருக்கும்.

1913-க்குச் சொல்லுங்கள், புகார் எண் வாங்குங்கள். ‘எங்களுடையது இல்லை’ என்று மூடினால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கேள்விகள் நாலு போதும்: இந்தச் சாலையைப் பராமரிப்பது யார்? கடைசியாக எந்தத் தேதியில் தார் போட்டார்கள்? எத்தனை மி.மீ. மில்லிங் செய்தார்கள்? ஒப்பந்தக்காரர் பழுதைத் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எப்போது முடிகிறது? சாலை வேறு துறையுடையது என்றால், சட்டத்தின் 6(3) பிரிவுப்படி அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய துறைக்கு மனுவை மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள். ‘ஏன் இவ்வளவு மோசமாகப் போட்டீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்ற கேள்வி தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள்.

ஆயிரம் பேரிடம் கேட்டு மண்டலவாரியாக மேயருக்கு மார்க் போட்ட ஒரு கருத்துக்கணிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?
- வாசகர், அம்பத்தூர்

நகரம் முழுவதற்குமான எண்ணை ஓரளவு நம்பலாம். ஆட்களைக் குலுக்கல் முறையில் பாரபட்சமில்லாமல் எடுத்திருந்தால், ஆயிரம் பேருக்குப் பிழை மேலும் கீழும் 3 சதவீதம். மண்டலவாரி எண்ணைக் குப்பையில் போடுங்கள். சென்னையில் 15 மண்டலங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தைப் பிரித்தால் மண்டலத்துக்கு 66, 67 பேர். அங்கே பிழை 12 சதவீதத்தைத் தொடும். இரண்டு மண்டலங்களை ஒப்பிட்டால் 17 புள்ளி வித்தியாசம்கூடத் தற்செயலாக வரலாம். மண்டலத்துக்கு 5 சதவீதப் பிழையில் வேண்டுமென்றால் தலா 385 பேர், ஆக ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பேரைக் கேட்டாக வேண்டும்.

அதைவிடப் பெரிய கோளாறு, யாரைக் கேட்டார்கள் என்பது. செல்போன் லிங்க்கில் நிரப்பச் சொன்னால் பைக், கார் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் நிரப்புவார்கள். காலை ஆறு மணிக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்கள் அதில் இருக்கவே மாட்டார்கள். ‘போக்குவரத்தில் திருப்தியா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால், ஒருவர் டிராஃபிக் நெரிசலை நினைத்துப் பதில் சொல்லியிருப்பார், இன்னொருவர் மெட்ரோவை நினைத்து. பஸ், ஸ்டாப், அங்கே நடந்து போகும் பாதை என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் மேயரின் பங்கு தனியாகத் தெரியும்.

1996-ல் மேயரான மு.க. ஸ்டாலின் மேம்பாலங்கள் கட்டினாரே, அது போக்குவரத்துச் சாதனைதானே?
- வாசகர், சைதாப்பேட்டை

அவர் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர். மாநகராட்சியே மேம்பாலம் கட்டியது பெரிய மாற்றம்தான். ஆனால் மேம்பாலம் வண்டிக்கு, பஸ்ஸுக்குப் பாதி நன்மைதான். மேலே போகும் பஸ் கீழே இருக்கும் ஸ்டாப்பைத் தவறவிடும். கீழே வரும் பஸ்ஸுக்குப் பழைய சிக்னல் அப்படியே இருக்கும். ஸ்டாப்புகள் சந்திப்பிலிருந்து தள்ளிப் போவதால் பஸ் மாறுகிறவர் தூணைச் சுற்றி நடக்க வேண்டும்.

லண்டன் மேயர் மாதிரி நம் மேயரிடமும் பஸ்ஸைக் கொடுத்தால் என்ன?
- வாசகி, அண்ணா நகர்

லண்டனில் 2000-லிருந்து போக்குவரத்து அமைப்பு மேயரின் கீழ் வருகிறது. 2003-ல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் போட முடிந்தது அதனால்தான். நியூயார்க்கில் நம் கதைதான்: பஸ்ஸும் சப்வேயும் மாநில அமைப்பிடம், தெருவும் பஸ் லேனும் நகரத்திடம். அங்கேயும் மக்கள் மேயரைத்தான் திட்டுகிறார்கள்.

ஆனால் லண்டனுக்குப் போவானேன், மும்பை இருக்கிறதே. ‘பெஸ்ட்’ பஸ் 1947-லிருந்து மாநகராட்சியிடம். பஸ் நஷ்டத்தை ஒருகாலத்தில் அதே நிறுவனம் மின்சாரம் விற்று ஈட்டிய வருமானம் தாங்கியது. அது நின்றபின் சொந்த பஸ்கள் குறைந்து, வாடகை பஸ்கள் பெருகின. பணத்துக்கு வழி சொல்லாமல் பஸ்ஸை மட்டும் ரிப்பன் மாளிகையிடம் தள்ளினால் இங்கேயும் அதுதான். எல்லாத் துறைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் போட்டார்கள். முதல் கூட்டம் 2022 நவம்பரில்தான் நடந்தது, முதல்வர் தலைமையில். ஒரே டிக்கெட்டில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றிலும் போகும் ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில் வந்ததும் இந்த வழியில்தான்.

எங்கள் ஸ்டாப்புக்கு நிழற்குடை வேண்டும். மனு எப்படி எழுத வேண்டும்?
- குடியிருப்போர் நலச் சங்கம், மாதவரம்

‘முதியோர், பெண்கள் வெயிலில் வாடுகிறார்கள்’ என்று ஒரு பக்கம் எழுதுவதை விடுங்கள். ஒரு வேலைநாளில் காலை 7 முதல் 9 வரை, கால் மணிக்கு ஒருமுறை நிற்கிறவர்களை எண்ணுங்கள். நிற்கும் தட எண்களை எழுதுங்கள். ஒரு வரைபடம் போடுங்கள்: நடைபாதை அகலம், சிக்னலிலிருந்து தூரம், மின்வாரிய பில்லர் பாக்ஸ், மரம், மேன்ஹோல். மனு பெரும்பாலும் செத்துப்போவது மூன்று காரணங்களால்: பள்ளம் தோண்டினால் கீழே கேபிள், பின்னாலிருக்கும் கடைக்காரர் ஆட்சேபம், அல்லது ஸ்டாப்பே அதிகாரபூர்வமானதல்ல. மூன்றாவதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்பின் இடத்தை முடிவு செய்வது போக்குவரத்துக் கழகமும் போக்குவரத்து போலீஸும். டெப்போ மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். சிக்னலுக்கு முன்னால் ஸ்டாப் இருந்தால் தாண்டி மாற்றச் சொல்லவும் இதுதான் சமயம். முன்னால் இருந்தால் பச்சை விழும்போது பஸ் ஆளேற்றிக்கொண்டிருக்கும், ஏற்றி முடித்ததும் சிவப்பு விழும். ஒரே இடத்தில் இரண்டு முறை நிற்கும்.

மனுவை வார்டு உதவிப் பொறியாளர், கவுன்சிலர் இருவருக்கும் கொடுங்கள், பேருந்து தடச் சாலையாக இருந்தால் ரிப்பன் மாளிகையில் அந்தத் துறைக்கும். மண்டலக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்லிக் கவுன்சிலரை வற்புறுத்துங்கள். தீர்மான எண் கிடைத்துவிட்டால் அடுத்த பட்ஜெட்டில் தொடர்ந்து கேட்கலாம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் மட்டும் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.