கையில் அதிகப் பணமில்லாமல் போர்னியோவின் காட்டு விலங்குகளைப் பார்க்க முடியுமா?

முடியும். போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சபாவில், கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கி, அதே கிராமத்தவர் ஓட்டும் படகில் அதிகாலையும் மாலையும் போய்வந்தால், விலையுயர்ந்த விடுதியில் தங்குபவர் பார்க்கும் அதே விலங்குகளை நீங்களும் பார்க்கலாம். முகவர்கள் கேட்கும் தொகை உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது என்றும், இது வசதியுள்ளவர்களுக்கு மட்டுமான பயணமா என்றும் நீங்கள் கேட்டிருந்ததைப் படித்தபின் பேசாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. நீங்கள் வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆனவர், ஒரு வாரத்துக்கு மேல் விடுப்புக் கிடைக்காதவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் தீபகற்ப மலேசியாவில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா தம் உழைப்புக் காலம் முழுவதும் குலை வெட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே பயணம், ஓராங் ஊத்தானை அதன் காட்டிலேயே பார்க்க வேண்டும் என்பதுதான். அதற்காக ஒரு பயண முகவரிடம் போனபோது, அவர் நீச்சல் குளமும் குளிரூட்டிய அறையும் கொண்ட விடுதித் திட்டம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவை எதுவும் வேண்டாம், விலங்குகளைப் பார்த்தால் போதும் என்று நான் சொன்னதற்கு, "அப்படியானால் உங்கள் அப்பாவை மிருகக்காட்சி சாலைக்கே அழைத்துப் போங்கள், அங்கேயும் ஓராங் ஊத்தான் இருக்கிறதே" என்று அப்பாவின் முன்னாலேயே சொன்னார். அந்தப் பேச்சு இன்றும் எனக்கு ஆறவில்லை. இந்தப் பதில் சற்று நீளமாக இருந்தால் அதற்குக் காரணம் அதுதான்.

கினபாத்தாங்கானில் பணம் ஏன் அவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 560 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு சபாவிலேயே மிக நீளமானது. அதன் கீழ்ப்பகுதிச் சமவெளிக் காடு முதலில் மரத்துக்காக வெட்டப்பட்டது. பிறகு பெரும்பகுதி செம்பனைத் தோட்டமாயிற்று. எஞ்சியது ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டித் துண்டு துண்டாக நிற்கும் காடு. அதில் சுமார் 26,000 ஹெக்டேர் 2005ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒருகாலத்தில் பரந்த காட்டில் சிதறி வாழ்ந்த உயிர்களெல்லாம் இப்போது அந்தக் குறுகிய பட்டைக்குள் ஒதுங்கியிருப்பதால், படகில் அமர்ந்தபடியே அவற்றைப் பார்க்க முடிகிறது. பத்து வகைக் குரங்கினங்களும் போர்னியோவில் உள்ள எட்டு வகை இருவாச்சிகளும் அங்கே வாழ்கின்றன. ஆறு பொதுவானது, நீங்கள் கட்டும் கூடுதல் பணம் உங்கள் கட்டிலுக்கும் உணவு மேசைக்கும் போகிறதே தவிர, நீள்மூக்குக் குரங்கை உங்கள் பக்கம் ஓர் அடிகூட நகர்த்துவதில்லை.

இதைப் படித்துவிட்டு, காடழிந்த துயரத்தையே சுற்றுலாவுக்கு வசதி என்று நான் கொண்டாடுவதாக யாரும் எண்ண வேண்டாம். செம்பனையைத் திட்டித் தீர்ப்பவர்களோடும் நான் முழுமையாகச் சேர முடியாது. என் பள்ளிக் கட்டணமும் என் பட்டமும் அந்தக் குலைகளிலிருந்து வந்தவை. சபாவின் தோட்டங்களில் இன்று வெயிலில் நிற்கும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கும் எழுத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் தோள்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்துபோனது என்பதையும், போர்னியோ ஓராங் ஊத்தான் 2016 முதல் மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது என்பதையும் அறிந்த பிறகு, எதுவும் நடக்காததுபோல் இருக்கவும் என்னால் முடியவில்லை. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டுதான் அப்பாவை அழைத்துப் போனேன்.

பலர் சபாவின் தலைநகரான கோத்தா கினபாலுவில் இறங்கி, அங்கிருந்து கினபாத்தாங்கானுக்குப் போகும் வழியிலுள்ள சண்டாக்கான் நகருக்குப் பேருந்தில் போகிறார்கள். கினபாலு மலையைச் சுற்றி வரும் அந்தச் சாலை அழகானதுதான், ஆனால் ஆறேழு மணி நேரம் பிடிக்கும். திரும்பவும் அதே வழியில் வந்தால் குறுகிய விடுப்பில் இரண்டு பகல்கள் சாலையிலேயே கழிந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கானுக்கே நேரடி விமானம் இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்தால், மிச்சமாகும் பேருந்துக் கட்டணத்தையும் ஓர் இரவு வாடகையையும் சேர்த்துக் கணக்கிடும்போது அதுவே மலிவாக அமையும். அப்பாவின் முழங்காலை எண்ணி நாங்கள் அப்படித்தான் போனோம். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. மலேசியர்கள் மைகாட் என்னும் அடையாள அட்டையைக் காட்டி நுழையலாம்; மற்றவர்கள் உள்நாட்டு விமானத்தில்தானே வருகிறோம் என்று கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிட வேண்டாம்.

சண்டாக்கானிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், 1964இல் தொடங்கப்பட்ட செப்பிலோக் ஓராங் ஊத்தான் மறுவாழ்வு மையம் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளுக்கு மரமேறவும் கூடு கட்டவும் பயிற்சியளித்துக் காட்டில் விடுகிறார்கள். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மேடையில் உணவு வைப்பார்கள். நாங்கள் சென்ற காலத்தில் மலேசியர்களுக்கு ஐந்து வெள்ளியும் (ரிங்கிட்) வெளிநாட்டவருக்கு முப்பது வெள்ளியும் வாங்கினார்கள். கேமராவுக்குத் தனியாகப் பத்து வெள்ளி. ஒரே சீட்டில் இரண்டு உணவு வேளைகளையும் பார்க்கலாம் என்பதால், காலையிலேயே போய், இடையில் அருகிலுள்ள சூரியக் கரடி மையத்தைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் திரும்பி வருவது சிக்கனமான முறை. காட்டில் பழம் மிகுந்திருக்கும் பருவத்தில் மேடைக்கு ஒன்றுகூட வராமல் போகலாம். அதற்காகச் சினந்துகொள்பவர்களை நான் அங்கே பார்த்தேன். குட்டிகள் தாமாகவே உணவு தேடக் கற்றுக்கொண்டன என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்?

அங்கிருந்து லஹாட் டத்து செல்லும் நெடுஞ்சாலையில், ஆற்றின் குறுக்கே பாலம் இருக்கும் இடத்தில் பத்து பூத்தே என்ற ஊர் இருக்கிறது. சுக்காவ், பிலிட் போன்ற ஊர்களிலும் வீட்டுத்தங்கல் கிடைக்கும், அவை நல்லவையே. ஆனால் அங்கே போக நெடுஞ்சாலையிலிருந்து விலகி உள்ளே செல்ல வேண்டும், தனி வாகனம் பேசினால் செலவு ஏறிவிடும். பத்து பூத்தேயில் பேருந்திலிருந்து இறங்கினால் ஊர் கண்ணெதிரில் நிற்கிறது. ஆற்று மக்களான ஒராங் சுங்கை இனத்தார் தாங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மீசோ வாலாய் என்ற பெயரில் வீட்டுத்தங்கலை நடத்துகிறார்கள். யாருடைய வீட்டில் தங்குவது, யாருடைய படகு போவது என்பதையெல்லாம் சங்கமே முறைவைத்துப் பங்கிடுகிறது. அழிந்த காட்டில் மரம் நடுவதும், சால்வினியா என்ற மிதக்கும் களைச்செடி மூடிப் பாழாகியிருந்த துங்கோக் ஏரியைக் கையாலேயே அள்ளித் துப்புரவு செய்ததும் அதே ஊரார்தான்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு மெத்தையும் கொசுவலையும் மின்விசிறியும்தான். குளியலுக்குத் தொட்டித் தண்ணீர்; சாப்பாடு சோறும் ஆற்று மீனும் கீரையும். வயதானவர்களுக்கு இது ஒத்துவராது என்று பின்னூட்டத்தில் எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஆயுளைக் கழித்த என் அப்பா, பல ஆண்டுகளாக நான் பார்க்காத நிம்மதியோடு அந்த வீட்டில் உறங்கினார். அதற்காக விடுதிகளை நான் பழிக்கவும் இல்லை. அவையும் உள்ளூர் மக்களுக்கு வேலை கொடுக்கின்றன. விடுதி இல்லாமல் விலங்குகளைப் பார்க்கவே முடியாது என்று பரப்பப்படும் பேச்சு பொய் என்பதுதான் என் வாதம்.

மாலைப் படகில் முதலில் கண்ணில் பட்டவை நீள்மூக்குக் குரங்குகள். போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் காண முடியாத அவை, பகலெல்லாம் உள்காட்டில் இலை தின்றுவிட்டு, இரவுறங்க ஆற்றோர மரங்களுக்கே வந்துவிடும். படகோட்டி என் அப்பாவை மலாய் முறைப்படி "பாக்சிக்" என்று மரியாதையாக அழைத்து முன்பலகையில் உட்காரவைத்தார். இருவரும் மலாயில் பேசிக்கொண்டே வந்தார்கள். கரையில் ஓரிடத்தில் புல் மிதிபட்டு, அதன் பின்னாலிருந்த இளம் செம்பனைகள் குருத்தோடு பிடுங்கப்பட்டுக் கிடந்ததைப் பார்த்ததும், யானை போய் இரண்டு நாளுக்கு மேல் இராது என்று அப்பா சொன்னார். படகோட்டி வியந்து, எப்படித் தெரிந்தது என்று கேட்க, குருத்து வாடியிருக்கும் பதத்தைக் கைகாட்டினார். எந்தப் படித்த வழிகாட்டிக்கும் குறையாத அறிவு அப்பாவிடம் இருக்கிறது என்பதை நான் அன்று அந்தப் படகில் கண்டேன். அந்த முகவரும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று எண்ணினேன். யானைகளை நாங்கள் பார்க்கவில்லை. கூட்டம் ஆற்றின் வேறு பகுதிக்குப் போயிருந்தது. யானைக்கு உறுதி சொல்லிப் பணம் வாங்குபவர் எவரையும் நம்ப வேண்டாம்.

ஓராங் ஊத்தானைப் பார்த்தது மறுநாள் விடியலில், ஆற்றோர அத்தி மரம் ஒன்றில். தாயும் அதன் மயிரைப் பற்றித் தொங்கிய குட்டியும் வெகுநேரம் பழம் தின்றுகொண்டிருந்தன. ஒரு குட்டி ஆறேழு ஆண்டுகள் தாயோடு இருக்கும் என்று படகோட்டி சொன்னார். அப்பா கேட்ட கேள்வி எனக்குத் தோன்றியே இராது: நீந்தத் தெரியாத இந்த விலங்கு, இக்கரைக் காடு தீர்ந்துபோனால் அக்கரைக்கு எப்படிப் போகும்? முன்பு கிளையாறுகளின் மேலே பெரிய மரங்கள் கைகோத்து நின்றன, அவை வெட்டப்பட்டதால் வழி அறுந்துவிட்டது என்று படகோட்டி விளக்கினார். அதனால் பழைய தீயணைப்புக் குழாய்களை முறுக்கிச் சில கிளையாறுகளின் குறுக்கே பாலம் கட்டியிருக்கிறார்கள் என்றும், ஓராங் ஊத்தான்கள் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன என்றும் அவர் சொன்னபோது, அப்பாவின் முகம் மலர்ந்தது. எங்கள் காலத்துப் பள்ளிச் சுற்றுலாக்கள் கேளிக்கைப் பூங்காவோடு முடிந்துவிட்டன. இந்த நாட்டில் இப்படியோர் ஆறு இருக்கிறது என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எந்த ஆசிரியரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தந்தான்.

இனி உங்கள் செலவுக்கு வருகிறேன். தங்குமிடத்திலும் உணவிலும் மிச்சம் பிடியுங்கள், படகில் பிடிக்காதீர்கள். ஒரே ஒரு மாலைப் படகோடு திரும்புகிறவர்தான் ஒன்றும் பார்க்கவில்லை என்று குறைபடுகிறார். சொகுசு விடுதியின் ஓர் இரவுக்கான தொகையில் கிராமத்தில் பல இரவுகள் தங்கலாம். அந்த இரவுகளே உங்களுக்குக் கூடுதல் விடியல்களைத் தரும். படகுக் கட்டணத்தில் பேரம் பேச வேண்டாம். தனியாகப் போவதானால், வேறு விருந்தினரோடு படகைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யும்படி சங்கத்திடமே கேளுங்கள். இரவுப் படகில் உறங்கும் மீன்கொத்திகளின் கண்ணருகே ஃபிளாஷ் அடிக்கும் கூட்டத்தோடு சேர்ந்துவிடாதீர்கள். காட்டுநடைக்கு அட்டைப்பூச்சி கடிக்காமல் காக்கும் காலுறை கட்டாயம் வேண்டும். தொலைநோக்கி இல்லையென்றால் நண்பரிடம் கடன் வாங்குங்கள், அது கேமராவைவிடப் பயன்படும். கினபாலு மலையேற்றத்தையும் சிப்பாடான் தீவின் கடல் முக்குளிப்பையும் இதே பயணத்தில் திணிக்க வேண்டாம். இரண்டுக்கும் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். செலவைப் பன்மடங்காக்குபவை அவைதாம்.

இந்தத் தொகையும் கைக்கு மீறினால், போர்னியோவின் மற்றொரு மலேசிய மாநிலமான சரவாக்கில் பாக்கோ தேசியப் பூங்கா இருக்கிறது. 1957இல் அமைந்த, சரவாக்கிலேயே மிகப் பழைய பூங்கா அது. கூச்சிங் நகரிலிருந்து சாதாரணப் பேருந்தில் படகுத்துறைக்குப் போய், பகிர்வுப் படகில் ஏறினால் சற்று நேரத்தில் பூங்கா வந்துவிடும். அங்கே ஓராங் ஊத்தானும் யானையும் இல்லை. ஆனால் நீள்மூக்குக் குரங்குகளைக் கடற்கரைக் கண்டல் மரங்களிலும், தாடிப் பன்றிகளைத் தங்குமிடத்தின் வாசலிலுமே பார்க்கலாம். பகலில் வந்து பகலிலேயே திரும்பாமல், பூங்காவின் எளிய விடுதியில் ஓர் இரவாவது தங்குங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது கினபாத்தாங்கானில் வெள்ளம் வரும், பாக்கோவின் கடலும் கொந்தளிக்கும். மார்ச்சுக்குப் பிறகு போக முடியுமானால் அப்படியே திட்டமிடுங்கள். விடுப்பு டிசம்பரில்தான் கிடைக்கும் என்றால், விமானச் சீட்டை வாங்குவதற்கு முன்னால் பத்து பூத்தே சங்கத்துக்கு எழுதி ஆற்றின் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.