பெங்களூரில் ஏது கடல்?

கேள்வி: எனக்கு 26 வயது. காசிமேட்டில் வீடு. அப்பா விசைப்படகில் போகிறவர். மே கடைசி வாரம் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்கு ஸ்கூபா டைவிங் போகத் தோழிகளோடு பணம் கட்டிவிட்டேன். வியாழன் போகிறோம். ஞாயிறு காலை கடைசி டைவ், பிற்பகல் 3 மணிக்கு போர்ட் பிளேரில் விமானம். வீட்டில் பெங்களூரில் ஆபீஸ் ட்ரெயினிங் என்று சொல்லியிருக்கிறேன். நான்கு நாள் போதுமா? மூச்சு முட்டுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: பயத்தை அப்புறம் பார்க்கலாம். போகிற போக்கில் 'ட்ரெயினிங்' என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஞாயிறே ஏன் திரும்ப வேண்டும்? ட்ரெயினிங் அன்றோடு முடிகிறது என்று வீட்டில் சொல்லியாயிற்று, அதனால்தானே? தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரட்டிப்பாகும். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கும், மேலே வந்தபின் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால் அங்கே காற்றழுத்தம் குறைவு. கோலி சோடாவை உடைத்த மாதிரி உள்ளே குமிழ் கிளம்பும். மூட்டு வலியோடு போனால் உன் அதிர்ஷ்டம், கை கால் செயலிழப்பதும் உண்டு. தொடர்ந்து சில நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். உன் கணக்கில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. சொன்ன பொய்க்கு ஏற்றபடி டிக்கெட் போட்டிருக்கிறாய்.

இன்னொன்று. மே கடைசியில் அந்தமானில் பருவமழை இறங்கும் நேரம். கடல் கெட்டால் ஹேவ்லாக் படகு நிற்கும். அப்போது ட்ரெயினிங்கை எத்தனை நாள் நீட்டுவாய்?

உன் அப்பா எந்தப் படகு, கூட யார், திரும்ப எத்தனை நாள் என்று அம்மாவிடம் சொல்லாமல் என்றைக்காவது கடலுக்குப் போயிருக்கிறாரா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மனிதர் கரையில்தான் இருப்பார். அவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து நீ கடலுக்குப் போகிறாய், பெங்களூர் என்று சொல்லிவிட்டு. பெங்களூரில் ஏதடி கடல்?

சம்பாதிக்கிற பெண், அனுமதி கேள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. இதில் நான் பழைய காலத்து ஆள்தான், மாறுவதாக இல்லை.

சரி, மூச்சு. தண்ணீருக்குள் நிதானமாக இழுத்து விடு, அடக்கவே அடக்காதே. சளி பிடித்திருந்தால் இறங்காதே, காது தாங்காது. வீசிங் இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுது, டாக்டரிடமும் காட்டு. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்றும் அங்கே கேட்பார்கள். தோழி நம்பர் வேண்டாம், அவளும் தண்ணீருக்குள்தான் இருப்பாள். அப்பா நம்பரை எழுது.

அதற்கு முன்னால் அவரிடம் போய் உண்மையைச் சொல். திட்டுவார், வாங்கிக்கொள். அப்புறம் டிக்கெட்டைத் திங்கள் பிற்பகலுக்கு மாற்று.