பழைய ஆறு சிலிண்டர் ஃபால்கன் வாங்கலாமா? எதை முதலில் மாற்றுவது?

அமெரிக்காவில் 1960களின் ஃபோர்டு ஃபால்கன் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கி எஞ்சினை வலுவாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள், பாடியின் தகடு துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என்னிடம் 1965 ஃபால்கன் இருக்கிறது, அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

அதிலுள்ள 200 கன அங்குல (3.3 லிட்டர்) எஞ்சின் நல்ல உழைப்பாளி. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங். பழைய 144, 170 எஞ்சின்களில் நான்குதான். தேய்ந்திருந்தாலும் இறக்கிச் சரிசெய்துவிடலாம். துரு அப்படி இல்லை. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் பெட்டி இருக்கிறதே, அது உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும், வெளியிலிருந்து தெரியாது. அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, உள்ளே கால் வைக்கும் இடத்தின் மேல்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். ஈரமானால் வெல்டிங்கைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும், பெரிய வேலை. தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது, அதையும் சோதியுங்கள்.

வாங்கியதும் முதல் செலவு பிரேக்குக்குத்தான். 1967க்கு முந்தைய ஃபால்கன்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் பிரேக் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) ஒரே சுற்று. ஒரு சக்கரத்தில் திரவம் கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டராக மாற்றாமல் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள், இதில் எனக்கு வேறு கருத்தே இல்லை. முதல் மஸ்டாங் ஃபால்கனின் அடித்தளத்தில் உருவானது என்பதால் அதன் பிரேக், சஸ்பென்ஷன் பாகங்கள் பல இதற்கும் பொருந்தும். சக்கரத்தை மட்டும் கவனியுங்கள்: ஆறு சிலிண்டர் காருக்கு நான்கு போல்ட், வி8 (எட்டு சிலிண்டர்) காருக்கு ஐந்து. நான்கு போல்ட்டுக்கே முன் டிஸ்க் பிரேக் செட் கிடைக்கிறது, அப்புறம் பின் அச்சைத் தொட வேண்டியதில்லை.

சரி, எஞ்சின். பலர் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரை மட்டும் மாற்றிவிட்டு பிக்கப் போய்விட்டது என்று தவிக்கிறார்கள். காரணம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். அக்கால லோட்-ஓ-மேட்டிக் டிஸ்ட்ரிபியூட்டரில் வேகத்துக்கேற்ப விரியும் எடைகள் இல்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் வெற்றிடத்தை மட்டும் நம்பி அது தீப்பொறி நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. அதற்கென்றே பழைய கார்புரேட்டரில் ஒரு வால்வு உண்டு. புதியதில் அது இருக்காது. எனவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பிந்தைய ஃபோர்டு ஆறு சிலிண்டர்களின் டியூராஸ்பார்க் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மிகப் பொருத்தம், பாயின்ட் (தேய்ந்துபோகும் மின்தொடுப்பு) தொல்லையும் போய்விடும்.

சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு, எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டது, தனியாகக் கழற்ற முடியாது. கூடுதல் காற்று வேண்டுமென்றால் 1970களின் பெரிய ஹெட்டைத் தேடுங்கள். அதன் எரியறை பெரிது. ஹெட்டைச் சற்றுச் சீவிப் பொருத்தாவிட்டால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) குறைந்துவிடும்.

வி8 எஞ்சினைப் பொருத்தச் சொல்பவர்கள் வருவார்கள். அதற்கு முன் ஸ்பிரிங், ஸ்டீயரிங் பாகங்கள், ரேடியேட்டர், பின் அச்சு, சக்கரங்கள் எல்லாம் மாற வேண்டும். அந்தப் பணத்தில் துரு இல்லாத பாடியாகப் பார்த்து வாங்கிவிடலாம்.