காசநோய்த் தடுப்பு மாத்திரை: சிறுநீர் சிவந்தால் நிறுத்த வேண்டுமா?

சிறுநீர் சிவந்ததைப் பார்த்து ரத்தம் என்று பயந்து, உங்கள் அம்மா காசநோய்த் தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் ரத்தம் அல்ல, ரிஃபாபென்டின் என்ற அந்தத் தடுப்பு மாத்திரையின் நிறம். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றையும் அது ஆரஞ்சு கலந்த சிவப்பாக்கும். அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

அப்பாவுக்குக் காசநோய் வந்ததால் அம்மாவுக்குத் தடுப்பாகக் கொடுத்த, வாரம் ஒருமுறை போடும் 12 வார மருந்தை, இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிட்டார் என்கிறீர்கள். நிறம் மட்டுமே காரணமாக இருக்காது. என் அத்தை மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார், "நோயே இல்லாத எனக்கு எதற்கு மருந்து?" என்பதுதான் அவர் கேள்வி. கிருமி உடலுக்குள் உறங்கிக் கிடக்கலாம், அது விழிக்கும் முன் கொல்லத்தான் இந்த மருந்து என்று பொறுமையாகச் சொன்ன பிறகே சாப்பிட்டார்.

மாத்திரை போட்ட நாளைக் காலண்டரில் குறியுங்கள். நிறம் ஓரிரு நாளில் வெளிறினால் பெரும்பாலும் மருந்துதான் காரணம். விடுபட்ட வாரங்களைச் சேர்த்து ஒரே நாளில் விழுங்க வேண்டாம். எப்படித் தொடர்வது என்று சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறாரா? அதையும் சொல்லுங்கள், சிலவற்றின் வீரியத்தை இது குறைக்கும்.

கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்குப் போனாலோ அடுத்த வேளையைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.