எட்டாம் வகுப்பு வரை மட்டும் ஏன்?

கேள்வி: நான் படித்த கத்தோலிக்க ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் வரும் ஜூன் முதல் பெண் பிள்ளைகளையும் சேர்க்கப் போகிறார்களாம். பள்ளியின் கட்டுப்பாடு என்னாவது? இருபாலர் கல்வியில் அப்படி என்ன நன்மையைக் கண்டுவிட்டார்கள்?
- தூத்துக்குடி மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: கட்டுப்பாடு! இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வந்துவிடும். ஒரு குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது என்று ஒதுக்கி வைப்பதற்கும் ஊர்க்கட்டுப்பாடு என்றுதான் பெயர். பெண் பிள்ளை மொட்டை மாடியில் நின்றால் கட்டுப்பாடு, சிரித்தால் கட்டுப்பாடு. பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பையன் தன் வாயையும் கையையும் தானே அடக்கிக்கொள்கிறானே, அதைச் சொல்ல மட்டும் இந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. எனக்குத் தெரிந்து கட்டுப்பாடு என்றால் அதுதான். அதைப் பழக ஒரு இடம் வேண்டாமா?

நான் கடற்கரை ஊர்க்காரன். எங்கள் ஆர்.சி. நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பையனும் பெண்ணும் ஒரே வகுப்பு. பங்குத்தந்தைதான் தாளாளர். கணக்கில் எப்போதும் என்னை முந்துகிற ஒருத்தி இருந்தாள். என் ஜாமெட்ரி பாக்ஸில் கவராயம் உண்டு, பாகைமானி கிடையாது. அவளிடம் பாகைமானி உண்டு, கவராயத்தில் பென்சில் நிற்காது. வருஷம் முழுக்க மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம். ஒன்பதாம் வகுப்புக்கு நான் ஃபாதர் பள்ளிக்கும் அவள் சிஸ்டர் பள்ளிக்கும் போனோம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில், உச்சியில் பாட்டில் சில்லு பதித்தது. ஜூன் மாதம் பஸ் ஸ்டாப்பில் எதிரே நின்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் திருப்பிக்கொண்டேன். இரண்டு மாதத்துக்கு முன்பு பாகைமானி கேட்ட வாய்க்கு, 'எப்படி இருக்கே' என்று கேட்கக் கூசியது. பேசாதே என்று ஒருவர்கூட எங்களிடம் சொன்னதில்லை. அந்த மதிலைப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்தே உட்கார்ந்தோம். பாட்டுக் குழுவில் சேர்ந்தே பாடினோம். பீடத்துக்குப் பக்கத்தில் கெடாத பிள்ளைகள் அல்ஜீப்ரா படித்தால் கெட்டுவிடுமா?

இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1929 டிசம்பர் 31 தேதியிட்ட சுற்றுமடலில் திருத்தந்தை பதினோராம் பயஸ், இருபாலர் கல்வி தவறு, கிறிஸ்தவக் கல்விக்குக் கேடு என்று எழுதினார். வளரிளம் பருவத்தில்தான் பிரித்து வைப்பது மிகவும் அவசியம் என்றார். அதே 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப் போல் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டது. ரோமாபுரியை விட செங்கல்பட்டு முந்திய வருஷம் அது! அப்புறம் திருச்சபையும் மாறித்தான் வந்திருக்கிறது. 1844இல் தொடங்கிய, இப்போது திருச்சியில் இருக்கும் தூய வளனார் கல்லூரியும் 1925இல் தொடங்கிய சென்னை லயோலாவும் ஆண்களுக்காக எழுந்தவை. இன்று இரண்டிலும் பெண்கள் படிக்கிறார்கள்.

சரி, நன்மைக்கு வருகிறேன். மார்க் கூடும் என்று சொல்ல மாட்டேன். 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2014இல் ஒரு கட்டுரை வந்தது. கவனமாக நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், பிரித்து வைத்துப் படிப்பிப்பதால் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை என்பதுதான் முடிவு. அப்புறம் எதற்கு அந்த மதில்? அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் போய் வரலாம். சிஸ்டர் பள்ளியில் முதல் குரூப் இல்லாத ஊரில், கணக்கு வருகிற பெண் வேறு குரூப்பில் சேர்ந்து மனம் புழுங்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட, ஒரு பெண் தன்னை விட நன்றாகக் கணக்குப் போடுவாள் என்பது பையனுக்குப் பதின்மூன்று வயதோடு மறந்துபோகாது. நாளைக்கு அவளே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தால் அவனுக்கு வயிறு எரியாது.

எங்கள் ஊரில் இந்த வேலையைச் செய்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பத்தாவது பரீட்சை முடிந்ததும் லோயர் கிளாஸ். இந்த மிஷினில் பையன், அடுத்த மிஷினில் பெண், நடுவில் ஒன்றரை அடி. ரிப்பன் சிக்கினால் அவள் எடுத்துவிடுவாள், தாள் கோணினால் இவன் நிமிர்த்துவான். காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவே தடதடக்கும். ஊர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பில் விட்ட பேச்சை மறுபடி தொடங்கியது அங்கேதான்.

ஆனால் இருபாலர் பள்ளி என்று போர்டு வைத்துவிட்டு, மாடிப்படியைப் பிரித்து, பேசினால் அபராதம் போடுகிற இடங்களும் இருக்கின்றன. உங்கள் பள்ளி அப்படி ஆகிவிடக் கூடாது. கழிப்பறை விஷயமும் இருக்கிறது. இதே பக்கத்தில் இதை எழுதி எழுதித் தலைமை ஆசிரியர்கள் பலருடைய கோபத்தைச் சம்பாதித்தவன் நான். ஆண்கள் பள்ளியாகக் கட்டிய கட்டடத்தில் பெண் பிள்ளைகளுக்கு எத்தனை கழிப்பறை? தாழ்ப்பாள் விழுகிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? மாதவிடாய் நாளில் துணியை எங்கே போடுவாள்? ஆசிரியைகள் எத்தனை பேர்?

பழைய மாணவர் சங்கம் பள்ளி வாசலில் அலங்கார வளைவு கட்டுவது வழக்கம். நீங்கள் அந்தச் சங்கத்தில் இருந்தால், இந்த வருஷம் வளைவுக்கு வசூலிக்கிற பணத்தில் கழிப்பறை கட்டச் சொல்லுங்கள். ஜூனுக்குள் முடியட்டும்.